கேன்வாஸ் போர்த்திய மரக் கேனூ: பல பருவங்கள் ஓட்டிய பிறகு

துடுப்பால் ஓட்டும் ஒடுங்கிய படகான கேனூவில், பழைய மரக் கேனூ ஒன்றைச் சீர்செய்து பல பருவங்களாக ஓட்டி வருகிறேன். வாங்கலாமா என்று யாராவது கேட்டால், உளி பிடிப்பதும் உங்களுக்குப் பிடிக்குமா என்றுதான் திருப்பிக் கேட்கிறேன். துடுப்புப் போட மட்டும் ஆசை என்றால் பிளாஸ்டிக் கேனூவே போதும். அதை மழையில் போட்டு வைத்தாலும் கேட்க ஆளில்லை.

கட்டுமானம் புரிந்தால் பராமரிப்பில் பாதி புரிந்துவிடும். வட அமெரிக்கப் பழங்குடிகள் பிர்ச் மரப்பட்டையில் செய்த கேனூதான் இதற்கு மூலம். 1870களில் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தின் பாங்கோர் நகரில் இ. எச். கெரிஷ் போன்றவர்கள் பட்டைக்குப் பதில் கேன்வாஸ் போர்த்திக் கட்டி விற்கத் தொடங்கினார்கள். பிறகு ஓல்ட் டவுன், கனடாவில் செஸ்ட்நட் என்று பெரிய தொழிற்கூடங்கள் வந்தன. சுமார் 8 மி.மீ. தடிமனில் செடார் என்னும் இலேசான மரத்தில் விலாச்சட்டங்கள், அவற்றின் மேல் சுமார் 4 மி.மீ. செடார் பலகைகள். பலகை இடுக்குகளில் பசையும் இல்லை, நீர் புகாமல் அடைக்கும் கலப்பத்தும் இல்லை. பித்தளை ஆணி பலகையைத் துளைத்து விலாவுக்குள் இறங்கும். மறுபக்கம் பிடித்திருக்கும் இரும்பில் முட்டி, நுனி மடங்கி மரத்துக்குள்ளேயே திரும்பிக் கொக்கி போடும். தண்ணீரைத் தடுப்பது வெளியே போர்த்திய கேன்வாஸ் மட்டுமே.

ஆகவே கேன்வாஸ் தேய்ந்து போகும் பொருள். நன்றாக வைத்துக்கொண்டால் இருபது, முப்பது ஆண்டு வரும். பிறகு உரித்துவிட்டுப் புதிது போர்த்த வேண்டியதுதான். அப்படி உரிக்கும் நேரம்தான் உள்ளே உடைந்த விலாவையும் பலகையையும் மாற்ற வசதியான நேரம். எந்த உறுப்பையும் தனியாகக் கழற்றி மாற்றலாம் என்பதே இந்தப் படகின் பெரிய பலம்.

அதைக் கெடுக்கிற வேலை ஒன்று உண்டு: கேன்வாஸை எடுத்துவிட்டு ஃபைபர்கிளாஸ் ஒட்டுவது. பார்க்கப் பளபளவென்று இருக்கும், கொஞ்ச காலம் தொல்லையும் தராது. ஆனால் மெல்லிய செடார் ஈரத்துக்கு உப்பி, காய்ந்தால் சுருங்கும். ஃபைபர்கிளாஸை ஒட்டும் ரெசின் அதோடு சேர்ந்து அசையாது. உள்ளே போன ஈரமும் வெளியேற வழி தெரியாமல் அங்கேயே நிற்கும். பின்னாளில் ஒரு விலாவை மாற்ற வேண்டும் என்றால் சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னோடு அங்குலம் அங்குலமாக உரிக்க வேண்டும். பலகையின் நார் கூடவே பிய்ந்து வரும்.

விலா வளைப்பது பலர் பயப்படும் அளவுக்குக் கடினமில்லை. நேர் இழையுள்ள செடாரை நன்றாக ஊற வைத்து, நீராவிப் பெட்டியில் வேக வைத்தால் கையாலேயே வளையும். அங்குலத் தடிமனுக்கு ஒரு மணி நேரம் என்பது பொதுக் கணக்கு. விலாவுக்கு இருபது நிமிடம் போதும். வெளியே எடுத்ததும் நொடிகள்தான் கையில் இருக்கும். படகின் வெளிப்புறத்தின் மேலேயே வளைத்துக் கட்டிக் காயவிட்டு, பிறகு உள்ளே பொருத்துவது வழக்கம். உளுத்துப் போவது பெரும்பாலும் நடுப்பகுதி இல்லை. இரு முனைக்கட்டைகள், விளிம்புச் சட்டத்துக்குள் ஒளிந்திருக்கும் விலா நுனிகள், முனையில் மூடியிருக்கும் சிறு மேற்பலகை: இங்கெல்லாம் கத்தி முனையால் குத்திப் பாருங்கள். மெத்தென்று இறங்கினால் வேலை இருக்கிறது.

கேன்வாஸ் போர்த்துவதற்கு இரண்டு பேர் வேண்டும். துணியை இரு தூண்களுக்கு இடையே தூளி மாதிரி இழுத்துக் கட்டி, படகை அதற்குள் இறக்கி, ஒவ்வொரு விலாவிலும் இழுத்து ஆணி அடிக்கிறோம். அதன் பிறகு பட்டி. ஆளிவிதை எண்ணெயும் சிலிக்காத் தூளும் சேர்ந்த அந்தக் கலவையைத் துணியின் நெசவு மறையும் வரை தேய்த்து ஏற்றினால், காய்வதற்கே வாரக்கணக்கில் ஆகும். அவசரப்பட்டு எனாமல் அடித்தால் பெயின்ட் சுருங்கி வெடிக்கும். எண்ணெய் தோய்ந்த கந்தலைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காய வையுங்கள். பழைய பெயின்ட், பட்டி இரண்டிலும் ஈயம் இருக்கலாம். உலர்வாக உப்புத்தாள் போடவே கூடாது. ஈரமாகத் தேய்த்து, முகமூடியும் போட்டுக்கொள்ள வேண்டும்.

இவ்வளவு வேலைக்குப் பிறகு ஆண்டுப் பராமரிப்பு ஏமாற்றம் தரும் அளவுக்குச் சின்னது. உள்ளே வார்னிஷ் மங்கிய இடங்களில் லேசாகத் தேய்த்து, வெயில் தாங்கும் வார்னிஷ் ஒரு கை. வெளியே கீறல் துணி வரை போயிருந்தால் அங்கே மட்டும் தொட்டுவிடுவது. வார்னிஷை விட முக்கியம், ஓட்டி முடித்ததும் மணலைத் தட்டி, துடைத்து, கவிழ்த்து, கூரையின் கீழே தரை படாமல் வைப்பது. தார்ப்பாயை இறுக்கிப் போர்த்துவது அக்கறை போலத் தெரியும். காற்றோட்டம் இல்லாமல் அதற்கடியில்தான் மரம் உளுத்துப் போகிறது.

குறை இல்லையா? இருக்கிறது. பதினாறு அடிப் படகு முப்பது கிலோவைத் தாண்டும், நாள் முழுக்க நீரில் இருந்தால் இன்னும் கனக்கும். கரைக்கு வந்து தோளில் தூக்கும்போது எல்லாப் பெருமையும் இறங்கிவிடும். பாறை மேல் உரசிக்கொண்டு ஏறுகிற ஆறுகளுக்கு இது சரிப்படாது. ஏரியில், சிற்றலையில், அலுமினியத்தின் தட்தட் சத்தம் இல்லாமல் போவதற்காக அந்தக் கனத்தை நான் பொறுத்துக்கொள்கிறேன்.

ஓல்ட் டவுன் படகாக இருந்தால் முனைக்கட்டையின் உட்புறம் பார்க்க மறக்காதீர்கள். அங்கே வரிசை எண் பதிந்திருக்கும். அந்த நிறுவனத்தின் பழைய பதிவுகள் பெரும்பாலும் தப்பிப் பிழைத்திருப்பதால் நீளம், மரம், நிறம், அனுப்பிய தேதி வரை கிடைக்க வாய்ப்புண்டு. என்னுடையது தொழிற்கூடத்திலிருந்து வந்தபோது கரும்பச்சையாம். நான் சிவப்பு அடித்திருக்கிறேன். அடுத்த கேன்வாஸ் வரை அப்படியே இருக்கட்டும்.