பசுமை அட்டை ஒட்டிய அரசுப் பத்திரம்: வாங்கி வைத்திருப்பவரின் மதிப்புரை

2023 ஜனவரி 25 அன்று இந்திய அரசு முதன்முறையாகப் பசுமைப் பத்திரங்களை, அதாவது திரட்டும் பணத்தைச் சுற்றுச்சூழலுக்கு உகந்த திட்டங்களுக்குச் செலவிடுவதாகச் சொல்லி வெளியிடும் கடன் பத்திரங்களை, ஏலம் விட்டபோது, பத்து ஆண்டுப் பத்திரத்தில் 1 லட்சம் ரூபாய் போட்டேன். வட்டி 7.29 சதவீதம். ஆண்டுக்கு 7,290 ரூபாய், ஜூலை 27, ஜனவரி 27 என்று இரண்டு தவணையாக, 3,645 ரூபாய் வீதம் வங்கிக் கணக்கில் விழுந்துவிடுகிறது. அசல் 2033 ஜனவரியில் திரும்பும். கடன் பத்திரம் என்ற அளவில் இதைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் ஒரு சரக்கின் மேல் ‘பசுமை’ என்று அட்டை ஒட்டி விற்கும்போது, அந்த அட்டைக்காக நாம் என்ன விலை கொடுக்கிறோம், அதற்கு ஈடாக என்ன கிடைக்கிறது என்று கேட்கும் உரிமை வாங்கியவனுக்கு உண்டு.

வாங்குவது எளிது. ரிசர்வ் வங்கி 2021 நவம்பரில் தொடங்கிய ‘ரீடெய்ல் டைரக்ட்’ இணையதளத்தில் பான், ஆதார், வங்கிக் கணக்கு விவரங்களைக் கொடுத்துக் கணக்குத் திறந்தால் போதும், கட்டணம் கிடையாது. 10,000 ரூபாயிலிருந்து வாங்கலாம். ஏலத்தில் விலை கேட்கும் நுட்பம் நமக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை; பெரிய வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் போட்டியிட்டு முடிவாகும் விலையை ஏற்றுக்கொள்வதாகச் சொல்லிவிட்டு, சில்லறை முதலீட்டாளர்களுக்கென ஒதுக்கப்பட்ட 5 சதவீதத்திலிருந்து நம் பங்கைப் பெறுகிறோம். அதற்கு முன்பு எனக்குக் கணக்கு உள்ள வங்கிக் கிளையில் இதைப் பற்றி விசாரித்தபோது, “அதெல்லாம் பெரிய கம்பெனிகளுக்கு சார், உங்களுக்கு எதுக்கு?” என்று கேட்டுவிட்டு ஒரு காப்பீட்டுத் திட்டத்தின் விளக்கத் தாளை நீட்டினார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இனி அட்டையின் விலை. முதல் ஏலத்தில் ஐந்து ஆண்டுப் பத்திரமும் பத்து ஆண்டுப் பத்திரமும் தலா 4,000 கோடி ரூபாய்க்கு விற்கப்பட்டன. அன்றைய சந்தையில் அதே காலத்துக்கான சாதாரண அரசுப் பத்திரங்கள் தந்த ஈட்டு விகிதத்தைவிட (வாங்கும் விலைக்கு ஆண்டுக்குக் கிடைக்கும் வருவாய் விகிதம்) ஐந்து ஆண்டுப் பத்திரத்தில் சுமார் 0.05 சதவீதமும் பத்து ஆண்டுப் பத்திரத்தில் சுமார் 0.06 சதவீதமும் குறைவாகவே வட்டி நிர்ணயமானது. இந்த வித்தியாசத்தைத்தான் சந்தைக்காரர்கள் ‘கிரீனியம்’ என்கிறார்கள். என் கணக்கில் அது ஆண்டுக்கு 60 ரூபாய். பத்து ஆண்டுகளுக்கு 600 ரூபாய். அரசின் பக்கம் பார்த்தால், 8,000 கோடி ரூபாய்க் கடனில் ஆண்டுக்கு ஏறத்தாழ 4.4 கோடி ரூபாய் மிச்சம். எனக்கு அறுபது ரூபாய் பெரிதல்ல. ஆனால் இவ்வளவு பெரிய கடனில் நான்கரைக் கோடிகூட மிச்சமாகாத ஓர் அட்டை, அரசின் எரிசக்திக் கொள்கையை எந்தத் திசையிலும் தள்ளப்போவதில்லை.

பணம் எங்கே போகிறது என்பதற்கு, இந்தப் பணத்தை எதற்குச் செலவிடலாம் என்று 2022 நவம்பரில் நிதி அமைச்சகம் வெளியிட்ட இறுதிச் சட்டகத்தைத்தான் படிக்க வேண்டும். அதன் தரத்தை மதிப்பிட்ட நார்வேயின் சிசரோ என்ற காலநிலை ஆய்வு அமைப்பு ‘நடுத்தரப் பச்சை’ என்று வகைப்படுத்தியது; அடர் பச்சை அல்ல. திரட்டப்படும் தொகை முதலில், அரசின் வரவெல்லாம் சேரும் இந்தியத் தொகுப்பு நிதியில் போய்ச் சேர்கிறது. பின்னர், தலைமைப் பொருளாதார ஆலோசகரின் தலைமையிலான குழு தேர்ந்தெடுக்கும் திட்டங்களுக்கு அந்த அளவுத் தொகை ஒதுக்கப்பட்டதாகத் தனிக் கணக்கில் காட்டப்படுகிறது. குளத்தில் ஒரு குடம் தண்ணீரை ஊற்றிவிட்டு, பிறகு குளத்திலிருந்து ஒரு குடம் மொண்டு ‘இதுதான் உன் தண்ணீர்’ என்று காட்டுவதைப் போன்றது இது. அரசுக் கணக்கு முறையில் இதைத் தவிர்க்க முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் என்னுடைய ஒரு லட்சம் ஒரு காற்றாலையாகியிருக்கிறது என்று நம்பிக்கொள்ள இடமில்லை.

இந்தச் சட்டகத்தின் விலக்குப் பட்டியல்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. புதைபடிவ எரிபொருள் திட்டங்கள் விலக்கு. பொதுப் போக்குவரத்துக்கான இயற்கை எரிவாயுவுக்கு மட்டும் ஒரு சன்னல் திறந்திருக்கிறது. அணுமின் உற்பத்தியும் 25 மெகாவாட்டுக்கு மேற்பட்ட நீர்மின் நிலையங்களும்கூட விலக்கு. ஆனால் 2030க்குள் 500 ஜிகாவாட் என்று கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் அறிவிக்கப்பட்ட இலக்கு ‘புதைபடிவம் அல்லாத’ மின்திறனுக்கானது; அந்தக் கணக்கில் பெரிய அணைகளும் உண்டு, கூடங்குளமும் உண்டு. உலகத்துக்கு வாக்குக் கொடுக்கும்போது ஒரு வரையறை, கடன் கேட்கும்போது இன்னொரு வரையறை. இதில் எது சரி என்பது வேறு விவாதம். வெளிநாட்டு முதலீட்டாளர்களின் கண்ணுக்கு உறுத்தாதவற்றை மட்டும் கடைக்கு முன்னால் அடுக்கிவைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

தகுதியான செலவுகளில் சூரிய மின்சக்தி, காற்று, மெட்ரோ ரயில் ஆகியவற்றோடு மின்சார ரயில் எஞ்சின்களும் இடம்பெறுகின்றன. டீசல் எஞ்சினை ஒழிப்பது நல்லதுதான். ஆனால் மின்கம்பியில் ஓடும் ரயிலின் தூய்மை அந்தக் கம்பிக்குள் வரும் மின்சாரத்தின் தூய்மையைப் பொறுத்தது. இந்தியாவின் மின் உற்பத்தியில் பெரும் பகுதி இன்னும் நிலக்கரியிலிருந்து வருவதால், இந்தச் செலவின் பச்சை நிறம் ஆண்டுதோறும் மாறும் ஒன்று. எவ்வளவு என்று சொல்லக்கூடிய அறிக்கைதான் முக்கியம். ஆண்டுதோறும் ஒதுக்கீட்டு அறிக்கை வெளியிடுவதாகச் சட்டகம் சொல்கிறது. பத்திரம் வைத்திருப்பவர் அதைத் தானே தேடிப்போய்ப் படிக்க வேண்டும். வட்டி வரவை மறக்காமல் குறுஞ்செய்தியில் சொல்லும் இதே ஏற்பாடு, எந்தத் திட்டத்துக்கு எவ்வளவு என்ற ஒரு பக்கத் தாளையும் கூடவே அனுப்பியிருக்கலாம்.

வாக்குத் தவறினால் என்ன ஆகும்? எனக்கு எதுவும் ஆகாது. திட்டம் தோற்றாலும் வட்டியும் அசலும் பாதிக்கப்படுவதில்லை. அது நல்ல பாதுகாப்பு. ஆனால் அரசுக்கும் எதுவும் ஆகாது. உருகுவே நாடு 2022 அக்டோபரில் வெளியிட்ட பத்திரம் இதற்கு நேர்மாறானது: உமிழ்வு, காட்டுப் பரப்பு இலக்குகளை எட்டாவிட்டால் அந்த அரசு கூடுதல் வட்டி கட்ட வேண்டும், இலக்கைத் தாண்டினால் குறைவான வட்டி போதும். கொள்கையின் மேல் உண்மையான அழுத்தம் தருவது அப்படிப்பட்ட நிபந்தனை. ஜெர்மனி வேறொரு வழியைக் கையாண்டது. 2020 முதல் ஒவ்வொரு பசுமைப் பத்திரத்துக்கும் அதே வட்டி, அதே முதிர்வு நாளில் ஒரு சாதாரண இரட்டையை வைத்திருப்பதால், பசுமைக்கு என்ன விலை என்பது அங்கே எந்நேரமும் எவர் கண்ணுக்கும் தெரிகிறது. நம் பத்திரத்தில் நிபந்தனையும் இல்லை, இரட்டையும் இல்லை.

பெரிய முதலீட்டாளர்கள் இதை எப்படி மதிப்பிடுகிறார்கள் என்பது 2024 மே மாத இறுதியில் தெரிந்தது. 6,000 கோடி ரூபாய்ப் பத்து ஆண்டுப் பசுமைப் பத்திர ஏலத்தில், சந்தை கேட்ட வட்டி அதிகம் என்பதால் ரிசர்வ் வங்கி அனைத்துக் கேட்புகளையும் ஏற்காமல் விட்டது. இதில் வியப்பில்லை. வங்கிகள் சட்டப்படி வைத்திருக்க வேண்டிய அரசுப் பத்திரக் கையிருப்பில் பசுமைப் பத்திரத்துக்கும் சாதாரணப் பத்திரத்துக்கும் ஒரே மதிப்புதான். அப்படியிருக்க, எளிதில் விற்க முடிகிற சாதாரணப் பத்திரத்தை விட்டுவிட்டு, கைமாறுவது அரிதான இதற்குக் குறைந்த வட்டியை ஏற்க எந்த வங்கிக்கும் காரணமில்லை. சில்லறை முதலீட்டாளருக்கும் இதே கதைதான். வட்டி முழுவதும் வருமானத்தோடு சேர்ந்து அவரவர் வரி விகிதப்படி வரிக்கு உட்படும். பசுமை என்பதற்காக ஒரு ரூபாய்ச் சலுகையும் இல்லை. இடையில் விற்க நேர்ந்தால் ஏற்கெனவே வெளியான பத்திரங்கள் கைமாறும் இரண்டாம் நிலைச் சந்தையில் வாங்குபவர் கிடைப்பது கடினம், கிடைத்தாலும் விலையில் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும்.

ஆகவே முதிர்வு வரை தொடத் தேவையில்லாத பணம் இருந்து, வங்கி வைப்பைவிட நீண்ட காலத்துக்கு ஒரே வட்டியை உறுதி செய்துகொள்ள விரும்புபவர் இதை வாங்கலாம். ஆனால் வாங்கும் முன் அன்றைய சாதாரணப் பத்து ஆண்டுப் பத்திரத்தின் ஈட்டு விகிதத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். வித்தியாசம் ஏதும் இல்லையென்றால் பசுமையை எடுத்துக்கொள்வதில் நட்டமில்லை. என் பத்திரத்தை நான் விற்கப்போவதில்லை. அடுத்த முறை மட்டும், அந்த அறுபது ரூபாயைக் கொடுப்பதற்கு முன் முந்தைய ஆண்டின் ஒதுக்கீட்டு அறிக்கையைத் தேடி எடுத்துப் படித்துவிட்டுத்தான் ஏலத்தில் பெயர் கொடுப்பேன்.