மேல்மடையா, எல்லா மடையுமா: பெந்தமும் ரோல்ஸும்

மட்டக்களப்பின் உன்னிச்சைக் குளத்தில் சிறுபோகத்துக்கு, அதாவது வறண்ட பருவ நெற்செய்கைக்கு, தண்ணீர் போதாது என்று வைத்துக்கொள்வோம். போகம் தொடங்குமுன் விவசாயிகள் கூடி முடிவெடுக்கும் கன்னக் கூட்டத்தில் இரண்டு யோசனை. குளத்துக்குக் கிட்ட உள்ள மேல்மடை வயல்களுக்கு மட்டும் திறந்தால் வாய்க்காலில் நீர் வீணாகாது, மொத்த விளைச்சல் கூடும். அல்லது எல்லாரும் விதைக்கும் காணியைக் குறைத்துப் பங்கிடலாம்.

மொத்த இன்பத்தைக் கூட்டுவதே சரி என்ற ஆங்கிலேயத் தத்துவஞானி பெந்தம் முதலாவதைத்தான் எடுப்பார் என்று அவசரப்பட வேண்டாம். அவர் கணக்கில் பெரிய வயற்காரரான போடியாரின் இன்பமும் கூலிக்காரரின் இன்பமும் ஒரே எடை. இருப்பவனுக்குக் கூடுதலாகக் கிடைக்கும் ஒரு மூட்டையைவிட இல்லாதவனுக்குக் கிடைப்பது அதிக இன்பம் தரும் என்பதும் அவருக்குத் தெரியும். ஆனால் கூட்டிப் பார்த்து மேல்மடை வென்றுவிட்டால், கடைமடைக்காரர் பேச வாயில்லை. (அடகு வைத்த நகையை அவர் எதைக் கொண்டு மீட்பது?) 1861இல் பெந்தத்தின் வழிவந்த தத்துவஞானி மில் உரிமைக்கு இடம் கொடுத்தார், அதற்கும் அடித்தளம் பொதுப்பயன்தான்.

அமெரிக்கத் தத்துவஞானி ரோல்ஸ் 1971இல் பிடித்தது இந்த இடத்தைத்தான்: ஆளுக்கு ஆள் வாழ்க்கை வேறு, ஒருவர் இழப்பை இன்னொருவர் லாபத்தில் கழிக்க முடியாது. ஏற்றத்தாழ்வு கடைசியில் நிற்பவருக்கும் நன்மை தரவேண்டும். சரி, அப்படியானால் மேல்மடைக்கு மட்டும் திறப்பதும் அவருக்கு ஆகும். கடைமடைக்காரருக்குப் பங்கீட்டில் கிடைப்பதைவிடக் கூடுதல் நெல்லை அளந்து கொடுத்தால். அந்த நெல் கையில் வரும்வரை என் கை இரண்டாவது யோசனைக்கே உயரும்.