தோட்டத்து டவுனில் ரோட்டரி: பத்து வருடத்துக்கு மேல் உறுப்பினராக இருப்பவளின் அனுபவம்

எங்கள் டவுனில் புதிதாகத் தொழில் தொடங்கும் தம்பி தங்கைகள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் இதுதான்: "அக்கா, ரோட்டரியில சேரலாமா? கட்டுற சந்தாவுக்கு ஏதாவது பிரயோசனம் இருக்கா?" ரோட்டரி என்பது பல தொழில்காரர்கள் சேர்ந்து ஊருக்குச் சேவை செய்யும் உலகளாவிய கிளப். அதில் பத்து வருடத்துக்கு மேல் உறுப்பினராக இருக்கிறேன், பொருளாளர் வேலையும் பார்த்திருக்கிறேன், பிழைப்பு கணக்கு எழுதுவதும் வருமான வரிப் படிவம் நிரப்புவதும்தான். ஊர் மலேசியாவின் பேராக் மாநிலத்தில், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே, ஒரு கடைத்தெருவும் ஒரு பசாரும் (சந்தை), சுற்றிலும் தோட்டத்தை விட்டு வந்த குடும்பங்கள் குடியேறிய தாமான்களும் (வீடமைப்புப் பகுதிகள்). பெரிய நகரத்து கிளப் வேறு மாதிரி இருக்கலாம், நான் சொல்வது இந்த மாதிரி ஊருக்கு.

சேரலாம். ஆனால் வாடிக்கையாளர் பிடிக்க மட்டும் என்றால் வேண்டாம். அப்படி வந்தவர்கள் கொஞ்ச மாதத்திலேயே நின்றுவிடுவதைப் பார்த்திருக்கிறேன், சின்ன ஊரில் எல்லாரும் ஏற்கெனவே எல்லாருக்கும் வாடிக்கைதானே. இத்தனைக்கும் 1905 பிப்ரவரி 23 அன்று சிகாகோவில் பால் ஹாரிஸ் என்ற வக்கீல், ஒரு நிலக்கரி வியாபாரி, ஒரு சுரங்கப் பொறியாளர், ஒரு தையற்கடைக்காரர் நால்வரும் கூடியபோது நட்பும் தொழில் உதவியும்தான் நோக்கம். ஒருவர் மாற்றி ஒருவர் அலுவலகத்தில் சுழற்சி முறையில் கூடியதால் ரோட்டரி (சுழல்வது) என்ற பெயர். இரண்டு வருடம் கழித்து நகரத்துக்குப் பொதுக் கழிப்பறை வேண்டும் என்று முயற்சி எடுத்த பிறகுதான் சேவை என்ற பக்கம் திரும்பியது. எனக்கு இந்த வரலாற்றில் பிடித்த இடம் அதுதான், முதல் சேவை ஒரு கழிப்பறை! மலாயாவுக்கு இதைக் கொண்டு வந்தவர் ஜேம்ஸ் டேவிட்சன், 1928-இல் கனடாவிலிருந்து கிளம்பி ஆசியா முழுக்க கிளப் தொடங்கிக்கொண்டே போனவர். பெண்களுக்கு உலகம் முழுவதும் கதவு திறந்தது 1989-இல்தான், அதனால் எங்கள் கிளப்பின் பழைய படங்களில் ஒரு பெண்கூட இல்லை. இன்று எங்கள் வேலைகளில் பாதியைப் பெண்கள்தான் இழுத்துக்கொண்டு போகிறோம்.

சரி, பயன் என்ன? என் அனுபவத்தில் கிளப்பின் உண்மையான சொத்து பணம் இல்லை, உறுப்பினர்களின் தொழில் அறிவு. ஒவ்வொரு தொழிலிலிருந்தும் ஆள் இருக்க வேண்டும் என்பது ரோட்டரியின் பழைய கொள்கை, அதன் அருமை இந்த மாதிரி ஊரில்தான் தெரியும். பிறப்புப் பத்திரப் பிரச்சினையை எடுத்துக்கொள்ளுங்கள். தோட்டத்தில் கோயிலில் தாலி கட்டி, ஊருக்கே சாப்பாடு போட்டு, திருமணத்தைப் பதிவு செய்யாமலே விட்ட குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. 1982 மார்ச் 1 முதல் சிவில் பதிவு கட்டாயம். பதிவு இல்லையென்றால் சட்டத்தின் கண்ணில் பிள்ளை முறைப்படிப் பிறந்தது இல்லை, குடியுரிமைக்கு அம்மாவின் நிலையைத்தான் பார்ப்பார்கள், அம்மாவுக்குக் குடியுரிமை இல்லையென்றால் அப்பா குடிமக்களுக்கான நீல அடையாள அட்டை வைத்திருந்தும் பிள்ளை அந்தரத்தில் நிற்கக்கூடும். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பிறகு வேலை, எல்லா இடத்திலும் இடிக்கும். எங்கள் உறுப்பினரான வக்கீல் மாதம் ஒரு சனிக்கிழமை காலை கோயில் மண்டபத்தில் மேசை போட்டு உட்காருகிறார், ஒரு ஓய்வுபெற்ற தோட்டத்து கிராணி (எழுத்தர்) படிவங்களை மலாயில் நிரப்பித் தருகிறார், நான் நகல்களையும் பழைய சம்பளச் சீட்டுகளையும் அடுக்கிக் கோப்பு போடுகிறேன். பதிவிலாகா வாசலில் பலமுறை திருப்பி அனுப்பப்பட்டவர்கள் சரியான தாள்களோடு போகும்போது நடத்தப்படும் விதமே மாறுகிறது. எல்லாருக்கும் அட்டை கிடைத்துவிடவில்லை, சிலர் வருடக்கணக்கில் காத்திருக்கிறார்கள், அதையும் சொல்ல வேண்டும். ஆனால் இந்த வேலைக்கு கிளப் செலவழிப்பது நகல் எடுக்கும் காசும் தேத்தண்ணியும் மட்டும்தான்.

இன்னொன்று டயாலிசிஸ். வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய நான்கு மணி நேரம். தோட்டத்து உள்பக்கத்திலிருந்து பஸ் இல்லை, மகன் வேலைக்குப் போக வேண்டும், வாடகைக் காருக்குக் கொடுத்தே சம்பளம் கரைந்துவிடும். எங்கள் உறுப்பினர் ஒருவர் பள்ளி வேன் ஓட்டுகிறார், பிள்ளைகளை இறக்கிய பிறகு வேன் சும்மாதான் நிற்கும். "அக்கா, நான் ஏத்திக்கிறேன், நீங்க எண்ணெய்க்கு மட்டும் கிளப்ல பேசுங்க" என்றார், அப்படித்தான் ஆரம்பித்தது. பெர்கேசோவில் (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) சந்தா கட்டியவர்களுக்குத் தகுதி இருந்தால் சிகிச்சைச் செலவை அதுவே ஏற்கும், அது தெரியாமல் நகை அடகு வைத்தவர்களை எங்கள் வேனிலேயே சந்தித்திருக்கிறேன். விண்ணப்பம் எழுதுவது என் மேசைக்கு வந்துவிடும். வருடக் கணக்கு முடிக்கும் நேரத்தில் கூட இந்தத் தாள்களை முதலில் பார்க்கிறேன்.

குறைகளும் இருக்கின்றன, பெரியது தலைவர் ஒரு வருடத்துக்கு மட்டும் என்பது. ஜூலை 1 வந்தால் புதுத் தலைவர், புதுத் திட்டம், புதுப் பதாகை. ஒரு தமிழ்ப்பள்ளிக்குத் தண்ணீர் வடிகட்டி வாங்கிக் கொடுத்த வருடம் நல்ல விழா நடந்தது, அடுத்த வருடம் உள்ளே இருக்கும் பில்டரை மாற்ற வேண்டும் என்பது யார் பட்டியலிலும் இல்லை, பிள்ளைகள் மறுபடியும் வீட்டிலிருந்தே தண்ணீர் கொண்டு வந்தார்கள். எனக்கு அது இன்னும் மனம் ஆறவில்லை. அதற்குப் பிறகு, எந்தத் திட்டத்துக்கும் மூன்று வருடப் பராமரிப்புச் செலவை முதலிலேயே ஒதுக்காமல் காசோலை எழுதக்கூடாது என்று கூட்டத்தில் சண்டை போட்டு முடிவெடுக்க வைத்தோம். பெரிய அட்டைக் காசோலையைப் பிடித்துக்கொண்டு படம் எடுக்கும் பழக்கமும் எனக்கு ஒப்பவில்லை, வாங்குகிற பிள்ளையின் முகத்தை ஊர் முழுக்கக் காட்ட வேண்டிய அவசியம் என்ன? இப்போது எங்கள் கிளப்பில் பொருளை மட்டும் படம் எடுக்கிறோம்.

பணக் கணக்கும் தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் கட்டுவதில் ஒரு பங்கு கிளப்புக்கு, ஒரு பங்கு ரோட்டரி மாவட்டத்துக்கு (பல கிளப்புகள் சேர்ந்த பிரிவு, பேராக் 3300-ஆம் எண் மாவட்டத்தில் வருகிறது), ஒரு பங்கு உலகத் தலைமையகத்துக்கு. அந்தக் கடைசிப் பங்கு அமெரிக்க டாலரில் என்பதால் மலேசிய வெள்ளியின் மதிப்பு விழும்போது சந்தா ஏறும். ரோட்டரி அறக்கட்டளையின் ஆண்டு நிதிக்குத் தரும் நன்கொடை தனி, அதில் ஏறக்குறைய பாதி மூன்று வருடம் கழித்து மாவட்டத்தின் பயன்பாட்டுக்குத் திரும்பும், அதை நம்பித்தான் சின்ன கிளப்புகள் மானியம் கேட்கின்றன. உலக மானியம் வேண்டுமென்றால் திட்டமே குறைந்தது 30,000 டாலருக்கு இருக்க வேண்டும், வெளிநாட்டு கிளப் ஒன்றும் கைகோக்க வேண்டும், நம்மைப் போன்ற ஊருக்கு அது எட்டாத உயரம் இல்லை, ஆனால் தாள் வேலை அதிகம். மீதிப் பணம் எங்கே போகிறது என்று கேட்பவர்களுக்கு நான் போலியோவைச் சொல்வேன். 1985-இல் ரோட்டரி இதைக் கையில் எடுத்தது, 1988-இல் 125 நாடுகளில் வருடத்துக்கு 350,000 பிள்ளைகளைத் தாக்கிய நோய் இன்று அதன் இயற்கையான வடிவில் பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் மட்டுமே வேரூன்றி இருக்கிறது. 2019 டிசம்பரில் மலேசியாவின் சபா மாநிலத்தில் 27 வருடம் கழித்து ஒரு குழந்தைக்குப் போலியோ வந்தபோது, தூரத்து விஷயம் என்று நினைத்துக்கொண்டிருந்த எங்கள் உறுப்பினர்களே தடுப்பூசி பற்றித் தாமான் தாமானாகப் பேசப் போனார்கள்.

வாராவாரம் கூட்டம் என்ற பயம் வேண்டாம். 2016-இல் விதி தளர்ந்தது, மாதம் இரண்டு கூட்டம் போதும். எங்கள் கூட்டம் மணியடித்து, நால்வழிச் சோதனையை எல்லாரும் சேர்ந்து சொல்லி, சாப்பாட்டோடு நடக்கும். உண்மையா, எல்லாருக்கும் நியாயமா, நல்லெண்ணம் வளருமா, எல்லாருக்கும் நன்மையா என்று நான்கு கேள்வி, நொடித்துப்போக இருந்த கம்பெனியைக் காப்பாற்ற 1932-இல் ஹெர்பர்ட் டெய்லர் எழுதியது. முன்பு பேச்சு முழுக்க ஆங்கிலத்தில் நடந்தது, அதனால் பசாரில் மீன் விற்பவரும் வேன் ஓட்டுபவரும் வாசலோடு நின்றார்கள். இப்போது தமிழும் மலாயும் கலந்து பேசுகிறோம், ஊரில் என்ன நடக்கிறது என்பது அவர்கள் வாயிலிருந்துதான் வருகிறது.

சேர நினைப்பவர்கள் முதலில் விருந்தினராக சில கூட்டத்துக்கு வந்து பாருங்கள். தணிக்கை செய்த கணக்கைக் காட்டச் சொல்லுங்கள், சங்கப் பதிவிலாகாவுக்கு வருடா வருடம் அனுப்புவதுதான், கேட்டால் தயங்கக்கூடாது. முந்தைய தலைவர்கள் தொடங்கியதில் எது இன்னும் ஓடுகிறது என்றும் கேளுங்கள், பதில் சொல்லத் திணறினால் அந்த கிளப் உங்களுக்கு வேண்டாம். மாதம் ஒரு அரை நாளாவது ஒதுக்க முடியாத வருடத்தில் சேராதீர்கள், அடுத்த வருடம் வாருங்கள். எங்கள் கிளப்பில் இப்போது பல் மருத்துவரும் இல்லை, ஒயரிங் தெரிந்தவரும் இல்லை. பள்ளிகளில் பல் பரிசோதனையும் பழைய வீடுகளில் மின்கம்பி சரிபார்ப்பும் ஆள் இல்லாமல் தள்ளிப் போய்க்கொண்டே இருக்கிறது.