எலும்புக்கு ஏற்றது, பருப்புக்கு வீண்: 3.5 லீற்றர் ஸ்லோ குக்கர்

இளஞ்சூட்டில் மணிக்கணக்காக அவிக்கும் மின்சாரச் சட்டிதான் ஸ்லோ குக்கர். யாழ்ப்பாணத்துக் குசினிக்குள் அது பெரும்பாலும் கடையால் வருவதில்லை. வெளிநாட்டுச் சொந்தக்காரரின் பெட்டிக்குள் உடுப்புக்கும் சொக்கிளேற்றுக்கும் நடுவில் இருந்துதான் வரும். ஒருநாள் மீன்கறி வைத்துப் பார்ப்பார்கள், மீன் மாவாகி குழம்பு தண்ணியாகப் போகும், பிறகு அலுமாரிக்கு மேலே ஏறிவிடும். பிழை குக்கரில் இல்லை, அதற்குள் போட்டதில்தான். இங்கே பார்ப்பது ஆகச் சாதாரண வகை: கழற்றக்கூடிய நீள்வட்டப் பீங்கான் சட்டி, கண்ணாடி மூடி, லோ, ஹை, வோர்ம் என்று நிற்கும் ஒரு திருகு. 3.5 லீற்றர் என்று எழுதியிருந்தாலும் சமைக்கக் கிடைப்பது 2.5 லீற்றர் அளவுதான். நாலைந்து பேருக்குக் காணும்.

பிளக்கைச் செருக முன்னம் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். லண்டனில் இருந்து வந்ததென்றால் கவலையில்லை. 230 வோல்ற்தான், மூன்று சதுரக்கால் பிளக்கும் இங்கே பெரும்பாலும் பொருந்தும். ஜேர்மனி, பிரான்ஸ், சுவிஸ், அவுஸ்திரேலியா என்றால் வோல்ற் சரி, பிளக் மட்டும் வேறு. நல்ல அடப்டர் போதும். கனடாவில் இருந்து வந்ததுதான் ஆபத்து. அது 120 வோல்ற்றுக்குச் செய்தது. அடப்டர் பிளக்கின் உருவத்தை மாற்றுமே தவிர வோல்ற்றைக் குறைக்காது. 250 வோற் சூடாக்கும் சுருளுக்கு 230 வோல்ற் கொடுத்தால் அது கிட்டத்தட்ட நாலு மடங்கு, அதாவது 900 வோற்றுக்கு மேல் இழுக்கும். சுருள் எரியும், சட்டி வெடிக்கும். குறைந்தது 500 வோற் தாங்கும், வோல்ற்றை இறக்கும் ட்ரான்ஸ்போமர் வேண்டும். அதையும் காசு கொடுத்து வாங்கி இரவிரவாக ஓடவிடுவதிலும் பார்க்க, அந்தக் குக்கரைக் கனடாவிலேயே விட்டுவிட்டு வரச்சொல்வது நல்லது.

பழைய குக்கரோ பாவித்ததோ கைக்கு வந்தால் முதலில் தண்ணியில் சோதியுங்கள். சட்டியில் பாதிக்குத் தண்ணி விட்டு மூடி, லோவில் 8 மணித்தியாலம் வையுங்கள். மூடியைத் திறந்த உடனே வெப்பமானியை விட்டால் 85 பாகைக்குக் கீழே காட்டக்கூடாது. காட்டினால் அது இறைச்சி சமைக்க உதவாது. சூடு ஏறப் பிந்தும் இடைவெளியில் கிருமி பெருகும். 95ஐத் தாண்டினால் பாதுகாப்புக்குக் குறைவில்லை, ஆனால் புத்தகத்தில் போட்ட நேரத்துக்கு முன்னமே கறி குழையும். புதிய மொடல்கள் பல அப்படித்தான் சூடாக ஓடுகின்றன.

இந்தச் சாமானின் உண்மையான லாபம் மலிந்த இறைச்சியில் இருக்கிறது. ஆட்டுக்கால், கழுத்தெலும்பு, சவ்வோடு கிடக்கும் மாட்டிறைச்சி, முட்டையிட்டு முடிந்த லேயர் கோழி: சாதாரணச் சட்டியில் வைத்தால் மணிக்கணக்கில் அடுப்படியில் நிற்கவேண்டியவை. சவ்வு இளகி ஊன்பசையாக மாறுவதற்குக் கொதியைவிட நேரம்தான் முக்கியம். கொழுப்பும் சவ்வும் இல்லாத விலை கூடின துண்டைப் போட்டால் நாராகக் காய்ந்துபோகும். காசும் போய் ருசியும் போகும்.

ஆட்டுக்கால் ரசம் ஒன்றைக் கிட்டவாகப் பார்ப்போம். வாட்டிச் சுரண்டின நாலு கால், துண்டாக வெட்டியது. பச்சைத் தண்ணியில் போட்டு அடுப்பில் 5 நிமிடம் கொதிக்கவிட்டு, மேலே வரும் சாம்பல் நுரையோடு அந்தத் தண்ணியை ஊற்றிவிடுங்கள். இதை விட்டால் ரசம் கலங்கி ஒரு வாடை நிற்கும். ஸ்லோ குக்கர் துள்ளிக் கொதிக்காதபடியால் நுரை மேலே திரண்டு வராது, பிறகு அள்ளவும் முடியாது. கழுவின எலும்பைச் சட்டியில் போட்டு 1.75 லீற்றர் சுடுதண்ணி, பத்துச் சின்ன வெங்காயம், தோலோடு நசுக்கின பத்துப் பல் உள்ளி, அரைத் தேக்கரண்டி மஞ்சள், துணியில் முடிந்த 2 தேக்கரண்டி மல்லி. ஹையில் 5 மணித்தியாலம், அல்லது லோவில் 10. மிளகைத் தொடக்கத்தில் போடவேண்டாம், நெடுநேரம் கிடந்தால் கைக்கும். முடிய 20 நிமிடம் இருக்க, 2 தேக்கரண்டி மிளகையும் 1 தேக்கரண்டி நற்சீரகத்தையும் இடித்துப் போட்டு, பாதித் தேசிக்காய் அளவு பழப்புளியைக் கரைத்து விட்டு, உப்பு சேருங்கள். கறிவேப்பிலை, செத்தல் மிளகாய் தாளிப்பு தாச்சியில்தான்.

சரியாக வந்ததா என்று பார்க்க, ஒரு கரண்டி ரசத்தைக் கிண்ணத்தில் விட்டு பிறிட்ஜில் வையுங்கள். ஜெலி மாதிரி இறுகினால் எலும்பு தன் ஊன்பசையை நன்றாகத் தந்துவிட்டது. இறுகாவிட்டால் தண்ணி கூடிப்போனது, அல்லது நேரம் காணாது. வடித்த எலும்புக்குத் திரும்பவும் 1.25 லீற்றர் சுடுதண்ணி விட்டு ஹையில் 4 மணித்தியாலம் வைத்தால் இரண்டாம் சாறு வரும். குடிக்க அது சப்பென்றிருக்கும். சொதிக்கோ கஞ்சிக்கோ தண்ணிக்குப் பதிலாக விட நல்லது.

லேயர் கோழிக் கறிக்கு வேறு சட்டம். ஒரு கிலோ இறைச்சிக்கு அரைக் கோப்பைத் தண்ணிக்கு மேல் விடவேண்டாம். மூடிக்குள் ஆவி தண்ணியாகித் திரும்பச் சட்டிக்குள்தான் விழும், வற்ற வழியில்லை. வெங்காயத்தைத் தாச்சியில் பொன்னிறமாக வதக்கி, 2 மேசைக்கரண்டி யாழ்ப்பாணத்துக் கறித்தூளைப் போட்டு, எண்ணெய் பிரியும்வரை பிரட்டி, கோழியையும் அதில் 5 நிமிடம் புரட்டி எடுத்துத்தான் குக்கருக்கு மாற்றவேண்டும். குக்கரின் சூடு 100 பாகையைத் தாண்டாது, அதனால் அதற்குள் எதுவும் வதங்காது, சிவக்காது. தூளை நேரே கொட்டினால் 8 மணித்தியாலம் கழிந்தும் பச்சை மணம் நிற்கும். ‘எல்லாத்தையும் போட்டிட்டு மறந்துவிடுங்கள்’ என்று பெட்டியில் போட்டிருப்பது அந்தக் கறித்தூளைத் தெரியாதவர்கள் எழுதினது. உருளைக்கிழங்கை அடியில், சுவரோடு அடுக்குங்கள்; அது இறைச்சியிலும் மெதுவாக அவியும். லோவில் 7 அல்லது 8 மணித்தியாலம். பிறகு குழம்பை மட்டும் வடித்துத் தாச்சியில் 10 நிமிடம் வற்றவைத்துத் திரும்பச் சேருங்கள். இறைச்சியோடு பிரட்டினால் உதிர்ந்துவிடும். வாசத்தூள் அதற்குப் பிறகு. முதற்பால் குக்கரை நிற்பாட்டின பிறகு. தேங்காய்ப்பாலைத் தொடக்கத்தில் விட்டால் திரிந்து எண்ணெயும் கட்டியுமாக மிதக்கும். தேங்காய் விற்கும் விலையில் அதைத் தாங்கேலாது.

கடலை, கௌப்பிக்கு இது தேவையில்லை. ஊறின கடலை பிரஷர் குக்கரில் 20 நிமிடம், இதில் ஹையில் 4 மணித்தியாலம். மைசூர்ப் பருப்பைப் பற்றிக் கதைக்கவே வேண்டாம். பிரஷர் குக்கர் இல்லாத வீடென்றால் மட்டும் கடலையைப் போடலாம், ஆனால் கிணற்றுத் தண்ணியைக் கவனியுங்கள். எங்கள் தண்ணி சுண்ணாம்புக்கல்லுக்குள்ளால் வருவது, அந்தக் கல்சியம் கடலையின் தோலை இறுக்கும். எவ்வளவு நேரம் வைத்தாலும் கல்லாகவே கிடக்கும். மழைத் தண்ணியைப் பாவியுங்கள், அல்லது ஊறவைக்கும் தண்ணியில் கால் தேக்கரண்டி அப்பச்சோடா. தக்காளி, புளி எல்லாம் கடலை அவிந்த பிறகே. சிவப்பு ராஜ்மாவை மட்டும் நேரே போடவே கூடாது. அதில் உள்ள நஞ்சு போக, ஊறவைத்து அந்தத் தண்ணியை ஊற்றிவிட்டு, புதுத் தண்ணியில் 30 நிமிடம் துள்ளக் கொதிக்கவைக்க வேண்டும். ஸ்லோ குக்கரின் இளஞ்சூட்டில் அது அழியாது. அரைகுறையாக அவிந்தால் வாந்தியும் வயிற்றோட்டமும்தான்.

மீன், நண்டு, இறால் அடுப்புக்குரியவை. ஒடியல் கூழும் அப்படித்தான். மா அடியில் இறங்கிக் கட்டிபட்டுவிடும், மூடியைத் திறந்து திறந்து துழாவினால் ஒவ்வொரு தடவையும் 20 நிமிடச் சூடு போகும். மரவள்ளியை மூடாமல் அவிக்கிறது எங்கட வழக்கம், அதற்குக் காரணம் உண்டு: அதன் நஞ்சு ஆவியோடு போகவேண்டும். மூடிச் சமைக்கும் இதற்குள் வேண்டாம்.

கறண்ட் கணக்கு. அடியில் 210 வோற் என்று போட்ட குக்கர் ஹையில் 5 மணித்தியாலம் ஓட ஒரு யூனிற்றுக்குச் சற்று மேல். லோவில் 150 வோற் என்று எடுத்தால் 10 மணித்தியாலத்துக்கு ஒன்றரை யூனிற். லோ மலிவு என்று பலர் நினைப்பது பிழை. வீட்டில் ஆள் இருந்தால் ஹையில் பாதி நேரம் வைப்பதுதான் சிக்கனம். பிரஷர் குக்கரோடு ஒப்பிட்டால் சக்திச் செலவில் இது வெல்லாது. எலும்பைத் திறந்த சட்டியில் காஸில் மணிக்கணக்காக வைப்பவர்களுக்குத்தான் மிச்சம். இன்னொன்று: மாதம் 60 யூனிற்றைத் தாண்டினால், தாண்டின யூனிற்றுக்கு மட்டுமல்ல, முதல் யூனிற்றில் இருந்தே கட்டண அட்டவணை மாறும். 50இல் நிற்கும் வீடு கிழமைக்கு மூன்று தரம் லோவில் வைத்தால் மாதம் 19 யூனிற் கூடும். அந்த வீட்டுக்குக் கிழமைக்கு ஒருதரம்தான் அளவு.

கறண்ட் போய் வந்தால் திருகு வகை தானே திரும்ப ஓடும். பொத்தான் வகை பெரும்பாலும் நின்றுவிடும். இங்கே திருகையே வாங்குங்கள். ஆனால் திருகில் ஒரு கள்ளம் உண்டு: நித்திரையில் இருக்கும்போது எவ்வளவு நேரம் கறண்ட் நின்றது என்று தெரியாது. பிளக்குக்குப் பக்கத்தில் கறண்டில் ஓடும் டிஜிற்றல் மணிக்கூடு வையுங்கள். பூச்சியத்தில் இருந்து திரும்பத் தொடங்கியிருந்தால் கறண்ட் எப்போது வந்தது என்று அது சொல்லும், எப்போது போனது என்று சொல்லாது. அரைவேக்காட்டு இறைச்சி 2 மணித்தியாலத்துக்கு மேல் கறண்ட் இல்லாமல் கிடந்தால் ஊற்றிவிடவேண்டியதுதான், திரும்பக் கொதிக்கவைத்தும் சரிவராது.

வயர் ஒரு மீற்றர்தான், மேசையின் எந்தப் பக்கம் வைப்பது என்று முதலே பார்க்கவேண்டும். மூடிக்குப் பூட்டில்லை, பூனை வரும் குசினியில் மேலே ஒரு பாரம் வேண்டும். உறைந்த இறைச்சியைப் போடவேண்டாம். சட்டியைப் பாதிக்குக் குறைய நிரப்பினால் ஓரம் கருகும், முக்காலுக்கு மேல் நிரப்பினால் நடு அவியாது. மிச்சக் கறியை அதிலேயே விடாமல் அகலப் பாத்திரத்தில் ஆற்றி பிறிட்ஜில் வையுங்கள், சூடாக்குவது அடுப்பில். சட்டி சூடாக இருக்கப் பச்சைத் தண்ணி விட்டால் விரிசல் விழும். இந்தக் குக்கர்கள் பல சாவது அப்படித்தான். தனிச் சட்டி இங்கே கடையில் தேடி எடுப்பது லேசில்லை. உள்ளே படியும் வெள்ளைப் படைக்கு வினாகிரியும் தண்ணியும் சரிபாதி, அரை மணித்தியாலம்.