மேற்கு வெயில் பாத்தி: அரளியா, நந்தியாவட்டையா, இட்லிப்பூவா, மல்லியா?

நர்சரியில் பச்சை வலைக்குக் கீழே நிற்கும்போது எல்லாச் செடியும் அழகுதான். அதை நம்பித்தான் நான் முதல் வருடம் ஏமாந்தேன். மார்கழியில் போய்ப் பார்த்து, பூத்து நின்றதையெல்லாம் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தேன். வைகாசி முடிவதற்குள் பாதி கருகிப் போனது.

எங்கள் வீடு மதுரையிலிருந்து திருமங்கலம் போகும் பக்கம். மேற்குச் சுவரை ஒட்டி 30 அடி நீளம், 3 அடி அகலத்தில் ஒரு பாத்தி. மதியம் 12 மணிக்கு ஏறுகிற வெயில் சாயங்காலம் ஆறு வரை அங்கேயே நிற்கும். சித்திரையில் இரவு எட்டு மணிக்குச் சுவரில் கை வைத்தாலும் சுடும். மண் பாதி கரிசல்; மீதி, வீடு கட்டியபோது கொத்தனார் கொட்டிவிட்டுப் போன சுண்ணாம்பும் சிமெண்டும். தண்ணீர் போர் தண்ணீர், வாளியில் காய்ந்தால் வெள்ளை வெள்ளையாகப் படியும். போதாததற்குக் கேட் திறந்திருந்தால் தெரு ஆடுகள் வேறு. ஒருமுறை நட்டால் பல வருடம் நிற்க வேண்டும், வருடத்தின் பெரும்பகுதி பூக்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

பின்வரிசைக்குப் போட்டி அரளிக்கும் நந்தியாவட்டைக்கும்.

வெயிலைத் தாங்குவதில் அரளியை அடிக்க ஆளில்லை. நான்குவழிச் சாலையின் நடுத்திட்டில் லாரிப் புகையிலும் தார் சூட்டிலும் அதைத்தானே நட்டு வைத்திருக்கிறார்கள். உப்புத் தண்ணீருக்கும் சுண்ணாம்பு மண்ணுக்கும் அது அசராது. முதல் வருடம் ஒழுங்காகத் தண்ணீர் காட்டினால் போதும், அப்புறம் கோடையிலும் பத்து நாளைக்கு ஒருமுறை ஊற்றினால் பிழைத்துக்கொள்ளும். ஆடு முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடும். பணம் கொடுத்து வாங்கவும் வேண்டியதில்லை. பென்சில் கனத்தில் ஒரு போத்து ஒடித்து நட்டால் வேர் பிடித்துவிடும்.

வாங்குவதாக இருந்தால் ஒற்றை அரளியாகப் பாருங்கள். அடுக்கு அரளி பூத்த அன்றைக்கு ரோஜா மாதிரி இருக்கும், ஆனால் வாடிய பூ உதிராமல் செடியிலேயே பழுப்பாகத் தொங்கும். ஒற்றை தானாக உதிர்ந்துவிடும். புதுக்கொழுந்தின் நுனியில்தான் பூ வரும் என்பதால், ஒரு அலை பூத்து முடிந்ததும் கவாத்து செய்ய வேண்டும். விட்டால் பத்தடிக்குப் போய் அடியில் மொட்டையாக நிற்கும். கொழுந்தில் சாறு உறிஞ்சும் மஞ்சள் அசுவினிப் பூச்சி அப்பினால் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே பாதி போய்விடும்.

குறை ஒன்றுதான், ஆனால் சின்னக் குறை இல்லை. இலை, தண்டு, பூ, பால் எல்லாமே விஷம். இதயத்தைத் தாக்கும் விஷம். வெட்டிய குச்சியைக் கொளுத்தக்கூடாது, புகையும் ஆகாது. எதையும் வாயில் வைக்கிற வயதில் குழந்தை இருந்தாலோ, கன்றுக்குட்டி கட்டுகிற வீடாக இருந்தாலோ அரளி வேண்டாம்.

நந்தியாவட்டை அப்படியே எதிர்க்குணம். குளிர்ச்சியான செடி, பளபளவென்று இலை, வருடம் முழுக்க ஏதாவது நாலு பூ இருக்கும். கரண்ட் போன ராத்திரியில் அந்த வெள்ளை தனியாகத் தெரியும். ஆனால் கோடையில் வாரம் மூன்று தடவை தண்ணீர் கேட்கும். கொடுக்காவிட்டால் இலை சுருண்டு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்ளும். மழைக்குப் பிறகு ஒரு நாள் காலையில் பார்த்தால் கிளை மொட்டையாக இருக்கும், கீழே மிளகு மிளகாக எச்சம். விரல் நீளப் பச்சைப் புழு, முன்பக்கம் நீலமும் வெள்ளையுமாக இரண்டு கண் வரைந்தது போல இருக்கும். மருந்து அடிக்க ஓடாதீர்கள். இரண்டு வாரத்தில் தானாக மண்ணுக்குப் போய்விடும், செடி மறுபடி தழைக்கும். அந்தப் புழுதான் பச்சை நிற அந்துப்பூச்சியாகிப் பறக்கிறது. அதற்கு அரளி இலையும் பிடிக்கும், நித்தியகல்யாணியும் பிடிக்கும். நமக்கு விஷமென்றால் அதற்கும் விஷமா என்ன?

என் தீர்ப்பு: சுவர் நேராகச் சூட்டைக் கக்கும் இடத்தில் ஒற்றை அரளி, மாமரத்தின் நிழல் கொஞ்சம் விழும் தெற்கு மூலையில் நந்தியாவட்டை. காகிதப்பூவைப் பற்றிக் கேட்பீர்கள். தண்ணீர் குறையக் குறையத்தான் அது பூத்துக் கொட்டும், அந்த வகையில் மதுரைக்கென்றே பிறந்தது. ஆனால் 3 அடி பாத்தியில் அந்த முள்ளோடு யார் மல்லுக்கட்டுவது? தொட்டியில் வைத்து மொட்டைமாடிக்கு அனுப்புங்கள்.

நடுவரிசையில்தான் நான் அதிகம் செலவழித்துத் தோற்றேன். பெயர் இட்லிப்பூ. வெட்சி என்ற பழைய பெயரைச் சொன்னால் அந்தக் காலத்தில் ஆநிரை கவரப் போன வீரர்கள் சூடிய பூ. அப்பேர்ப்பட்ட பூ என் போர் தண்ணீரிடம் தோற்றுப் போனது. வெயில் அதைக் கொல்லவில்லை, அதற்கு வெயில் பிடிக்கும். கேரளாவில் செம்மண்ணில் வேலியாகவே நிற்கிறதே. புளிப்பான மண்தான் அதற்கு வேண்டும். சுண்ணாம்பு மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேரால் எடுக்க முடியாது. புது இலை மஞ்சளாகும், நரம்பு மட்டும் பச்சையாக இருக்கும். அன்னபேதி உப்பை, அதாவது இரும்பு சல்பேட்டை, லிட்டருக்கு 5 கிராம் கரைத்துச் சாயங்காலம் இலையில் தெளித்தால் தேறும்; ஒரு மாதம் கழித்து மறுபடி மஞ்சள். வருடம் முழுக்க வைத்தியம் பார்க்க எனக்குப் பொறுமை இல்லை.

மல்லி வேறு ரகம். 2013-ல் புவிசார் குறியீடு வாங்கிய ஊர்க்காரி. நாற்று பெரும்பாலும் ராமநாதபுரம் பக்கம் தங்கச்சிமடத்திலிருந்து வருகிறது என்பது பலருக்குத் தெரியாது. பங்குனி தொடங்கி ஆடி வரை, வெயில் ஏற ஏறப் பூக்கும். இதுவும் சுண்ணாம்பு மண்ணில் கொஞ்சம் மஞ்சளிக்கத்தான் செய்யும், ஆனால் குழியில் மக்கிய தொழு உரத்தையும் மணலையும் தாராளமாகப் போட்டதால் என் பாத்தியில் சமாளித்துக்கொண்டது. ஆறு செடிகளை நாலடி இடைவெளியில் வைத்தேன். சீசனில் அம்மா தலைக்கும் சாமி படத்துக்கும் போக, பக்கத்து வீட்டு அக்காவுக்கும் மிஞ்சுகிறது.

அழகுப் பாத்தி என்று பார்த்தால் மல்லிக்கு ஒரு பெரிய ஓட்டை உண்டு. கார்த்திகையில் முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட வேண்டும். பொங்கலுக்கு விருந்தாளி வரும் நேரத்தில் பாத்தியில் குச்சிகள்தான் நிற்கும். கடையில் மல்லி எட்டாத விலைக்குப் போவதும் அப்போதுதான், அந்த எரிச்சல் தனி. அப்படியும் நடுவரிசை மல்லிக்கே. பின்னால் அரளி அந்த இரண்டு மாதத்தை மறைத்துவிடுகிறது.

முன்வரிசைக்குக் கனகாம்பரம் யோசித்தேன். அதற்கு அரை நிழல் வேண்டும், வேரில் நூற்புழு விழுந்தால் செடியோடு போகும், விட்டுவிட்டேன். நித்தியகல்யாணி வாங்கி வந்தபோது அம்மா, “ஏண்டா, சுடுகாட்டு மல்லியவா வாசல்ல கொண்டாந்து வைக்கிற?” என்று இரண்டு நாள் பேசவில்லை. இதிலிருந்துதான் ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து எடுக்கிறார்கள் என்றேன். “அப்ப ஆஸ்பத்திரியில வைக்கச் சொல்லு.” சரி, வாசலில் வைக்கவில்லை, மேற்குப் பாத்தியில்தான் வைத்தேன். ஆடு தொடவில்லை, ஒரு நாளும் பூ நிற்கவில்லை. ஐப்பசி அடைமழையில் தண்ணீர் தேங்கினால் மட்டும் அழுகும், அதனால் பாத்தியை ஒரு சாண் உயர்த்த வேண்டியிருந்தது. இரண்டு வருடத்தில் செடி நெட்டையாகி அசிங்கமாகும். அதற்குள் விதை விழுந்து பக்கத்திலேயே குட்டிகள் முளைத்திருக்கும்.

எதை நட்டாலும் புரட்டாசியில் நடுங்கள். வடகிழக்குப் பருவமழையில் வேர் இறங்கிவிட்டால் அடுத்த சித்திரையைத் தாங்கும்.

பிழைத்த இட்லிப்பூ இரண்டைத் தூக்கி எறிய மனம் வரவில்லை. தொட்டியில் செம்மண் போட்டு, கிழக்குப் பக்கம் மழைத்தண்ணீர் டிரம்முக்கு அருகில் வைத்திருக்கிறேன். போர் தண்ணீர் ஒரு சொட்டும் காட்டுவதில்லை. இந்தக் கார்த்திகையில் ஒன்றில் மட்டும் சிவப்பாக ஒரு கொத்து வந்திருக்கிறது.