எங்கள் ஏரியா சூப்பர் மார்க்கெட்: விலை சரி, சுத்தம் எப்படி?

தாம்பரம் பக்கம் நாங்கள் மாதச் சாமான் வாங்கும் சூப்பர் மார்க்கெட் எப்படி என்று எங்கள் குடியிருப்புக்குப் புதிதாக வந்தவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், அதனால் எழுதிவிடுகிறேன். கடையின் பெயரைப் போடவில்லை. நான் சொல்லப்போகும் குறைகளில் பாதி கடைக்காரருடையது இல்லை, வாங்க வருகிற நம் ஆட்களுடையது. மீதியும் இந்த ஊரில் எந்தப் பெரிய கடைக்குப் போனாலும் கண்ணில் படுவதுதான்.

விலை, சரக்கு எல்லாம் சரி. பருப்பு வகை நன்றாக இருக்கிறது, எண்ணெய் விலை தெருமுனை மளிகைக் கடையோடு ஒப்பிட்டால் ரெண்டு ரூபாய் முன்னே பின்னே, வண்டி நிறுத்த இடம் உண்டு, பில்லில் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிமத்தின் 14 இலக்க எண் ஒழுங்காக அச்சாகி வருகிறது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும் போகாதீர்கள், பில் போட நின்றே கால் வலி வந்துவிடும்.

என் கவலை சுத்தத்தைப் பற்றியது. முதலில் காய்கறிப் பகுதி. அங்கே பத்து நிமிஷம் நின்றாலே போதும், நம் ஆட்கள் காய் வாங்கும் அழகு தெரிந்துவிடும். வெண்டைக்காய்த் தட்டில் பாதிக் காய்க்கு நுனி இருக்காது. பட் பட்டென்று ஒடித்துப் பார்ப்பார்கள், ஒடிந்தால் பிஞ்சு, வளைந்தால் முற்றல், அது சரி, ஆனால் ஒடிந்த பிஞ்சையும் அங்கேயே போட்டுவிட்டு அடுத்ததை ஒடிப்பது என்ன நியாயம் என்று எனக்குப் புரியவே இல்லை. எடை போடும் அக்கா ஒரு நாள் சொன்னார்: "நுனி போனதை யாரும் எடுக்க மாட்டேங்கிறாங்க, சாயங்காலம் அத்தனையும் குப்பைக்குத்தான் போகுது." ஒடிந்த இடம் சீக்கிரம் கறுத்து வழவழப்பாகிவிடும். விரல் நீளத்துக்கு மேல் போகாத காயாகப் பார்த்து எடுத்தாலே பெரும்பாலும் பிஞ்சாகத்தான் இருக்கும், சந்தேகம் என்றால் நுனியை லேசாக வளைத்துப் பார்க்கலாம், ஒடிக்கத் தேவையில்லை.

சுரைக்காய் கதை இதைவிட மோசம். கட்டைவிரல் நகத்தை உள்ளே இறக்கிப் பார்ப்பார்கள். அந்தக் கடையில் நான் கையில் எடுத்த ஒரு சுரைக்காயில் பிறை பிறையாக ஏழெட்டு நகத் தடம், பழைய தடங்கள் பழுப்பேறி ஓரத்தில் நீர் கோத்திருந்தது. தோல்தான் காய்க்குக் காவல். அது கிழிந்த இடம் வழியாகத்தான் அழுகல் உள்ளே இறங்கும், அந்த நகத்தில் என்ன இருந்ததோ அதுவும் சேர்ந்து இறங்கும். தேங்காயைத் தட்டுங்கள், காதருகே வைத்து ஆட்டுங்கள், முருங்கைக்காயை முறுக்கிப் பாருங்கள், அதில் யாருக்கும் நஷ்டமில்லை, எங்கள் அம்மா அப்படித்தான் வாங்குவார், நானும் அப்படித்தான் வாங்குகிறேன். ஆனால் தக்காளியை நாலு விரலால் அமுக்கிக் கீழ் வரிசை முழுக்கச் சாறாக்கிவிட்டுப் போவதை எந்த வழக்கத்திலும் சேர்க்க முடியாது.

அப்புறம் அந்த கவர் ரோல். காய் போட்டுத் தரும் மெல்லிய கவர், இப்போது மக்கும் வகை என்று எழுதியிருக்கும், பழைய கவரைவிட இது இன்னும் ஒட்டிக்கொள்கிறது. வாய் எந்தப் பக்கம் என்றே தெரியாது. வருகிறவர்களில் நிறையப் பேர் செய்வது ஒன்றுதான்: ஆள்காட்டி விரலை நாக்கில் ஒரு தொடு, கவரைத் தேய்த்துப் பிரிப்பு, அதே விரலால் கத்தரிக்காயைப் புரட்டல். அதே ஆட்கள்தான் உள்ளே வரும்போது டிராலிக் கைப்பிடியை டிஷ்யூ வைத்து மூன்று முறை துடைத்தவர்கள். டிராலியைத் தொட்ட, காசைத் தொட்ட, எல்லோரும் புரட்டிய உருளைக்கிழங்கைத் தொட்ட விரல் நேராக நாக்குக்குப் போகிறது. கிருமி உடம்புக்குள் வர இதைவிடக் குறுக்கு வழி கிடையாது.

கடை நிர்வாகத்தைப் பாராட்ட வேண்டிய இடம் இதுதான். போன வருஷம் ரோலுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கிண்ணத்தில் ஈரப் பஞ்சு வைத்தார்கள், பேங்கில் நோட்டு எண்ணுகிறவர் மேஜையில் இருக்குமே, அது. வைத்ததிலிருந்து எச்சில் தொடுகிறவர்கள் கண்கூடாகக் குறைந்துவிட்டார்கள். போர்டு மாட்டி அறிவுரை எழுதியிருந்தால் யாரும் படித்திருக்க மாட்டார்கள். ஒரே குறை, அந்தப் பஞ்சைத் தினமும் மாற்ற வேண்டும், நாள்பட்ட ஈரப் பஞ்சே ஒரு கிருமிப் பண்ணைதான். கேட்டேன், காலையில் மாற்றுகிறோம் என்றார்கள். சில நாள் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

டிராலியைத் துடைப்பது வீண் என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவில் அரிசோனா பல்கலைக்கழகத்தின் சார்ல்ஸ் கெர்பா குழு 85 டிராலிகளின் கைப்பிடியைச் சோதித்து 2011-இல் வெளியிட்டது, 72 சதவீதத்தில் மலத்தோடு தொடர்புடைய பாக்டீரியாவின் அடையாளம் இருந்தது. ஆனால் கைப்பிடியில் இருக்கும் கிருமி தானாக நம் வயிற்றுக்குப் போகாது, கைதான் கொண்டுபோகிறது. கடைக்குள் இருக்கும் அரை மணி நேரம் வாய், மூக்கு, கண்ணைத் தொடாமல் இருந்து, வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவினால் அந்த 72 சதவீதத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. சானிடைசரை மட்டும் நம்ப வேண்டாம், வாந்தி பேதி கொடுக்கும் நோரோ வைரஸிடம் அது அவ்வளவாகச் செல்லாது, அழுக்கும் பிசுக்கும் ஏறிய கையிலும் சரியாக வேலை செய்யாது. ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: குழந்தையைச் செருப்போடு டிராலிக்குள் நிற்க வைக்காதீர்கள். அடுத்தவர் அதே இடத்தில் கொத்தமல்லிக் கட்டைப் போடுவார்.

இந்தப் பயத்தில் பெரும்பகுதி 2020-இல் நமக்குள் வந்தது. அந்த மே மாதம் கோயம்பேடு சந்தையிலிருந்து கொரோனா பரவி, சந்தையை மூடி, திருமழிசைக்கு மாற்றினார்களே, அப்போது காய்கறியையே எதிரி மாதிரி பார்த்தோம். எங்கள் குடியிருப்பில் ஒரு வீட்டில் கத்தரிக்காயைத் துணி சோப்புத் தூளில் ஊறப்போட்டார்கள், இன்னொரு வீட்டில் பால் பாக்கெட்டுக்கு டெட்டால். சோப்பு, கிருமிநாசினி எதையும் காய்கறி, பழத்தின் மேல் போடக் கூடாது என்று எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. அப்போதே சொன்னது. சந்தையில் பரவியதும் பெரும்பாலும் ஆள் ஆளை ஒட்டி நின்ற நெரிசலால்தான். பொருளைத் தொட்டதால் கொரோனா தொற்றும் வாய்ப்பு பொதுவாக ஒவ்வொரு தொடுதலுக்கும் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று அமெரிக்காவின் நோய்த் தடுப்பு மையமான சி.டி.சி. 2021 ஏப்ரலில் சொல்லிவிட்டது. ஆனாலும் இந்தக் கடைக்கு இன்னமும் கையுறை போட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள், அதே கையுறையோடு போன் பேசி, மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்து, திராட்சைக் கொத்திலிருந்து ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டுக்கொள்கிறார்கள். கழுவாத திராட்சை! மருந்து தெளித்த தூசியும் நூறு பேர் கையும் பட்ட திராட்சை!

நான் எங்கள் வீட்டில் வைத்திருக்கும் கணக்கு எளிது. வாங்கும் பொருள் அடுப்பில் ஏறப் போகிறதா, அப்படியே வாய்க்குப் போகப் போகிறதா? கத்தரிக்காய், உருளைக்கிழங்கு, அரிசி எல்லாம் கொதிக்கப் போகிறது, தண்ணீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவினால் போதும். இந்தக் கடையில் திறந்த அரிசித் தொட்டியில் ஒருவர் முழங்கை வரை கையை விட்டு அளைந்து, நாலு மணியை மென்று பார்த்து, வாய்க்குக் கொண்டுபோன கையை மறுபடி உள்ளே விட்டதைப் பார்த்தேன். அருவருப்பாக இருந்தது, ஆனால் குக்கரில் போன பிறகு அதனால் நோய் வராது. அதே ஆள் அடுத்துப் போனது பொட்டுக்கடலைத் தொட்டிக்கு. பொட்டுக்கடலை, வறுத்த வேர்க்கடலை, பேரீச்சை, உலர்திராட்சை இதெல்லாம் யாரும் வேகவைத்துச் சாப்பிடுவதில்லை. கடையில் கரண்டி இருக்கிறது, மூடியும் இருக்கிறது, ஆனால் மூடி எப்போதும் திறந்தே கிடக்கிறது, கரண்டி கடலைக்குள் கைப்பிடி வரை புதைந்து கிடக்கிறது. இது கடையின் தவறு. கரண்டியைச் சங்கிலியில் தொங்கவிட்டு, தானாக மூடிக்கொள்ளும் மூடி போட எவ்வளவு செலவாகிவிடும்? இப்போதைக்கு இங்கே இவற்றைப் பாக்கெட்டில்தான் வாங்குகிறேன்.

என்னை நிஜமாகவே பயமுறுத்துவது குளிர்பதனப் பகுதிதான், அதைப் பற்றி யாருமே பேசுவதில்லை. பன்னீரை எடுத்து டிராலியில் போட்டு, கடை முழுக்கச் சுற்றி, பிஸ்கட் ரேக்குக்கு வந்தபோது மனசு மாறி, பிஸ்கட்டுக்கு நடுவிலேயே வைத்துவிட்டுப் போகிறார்கள். திரும்ப நடந்தால் இருபது அடி. ஃப்ரீசர் பட்டாணி சோப்பு வரிசையில் வியர்த்துக் கிடக்கும். ஃப்ரிட்ஜ் பொருள் 5 டிகிரிக்குக் கீழேயும், ஃப்ரீசர் பொருள் மைனஸ் 18 டிகிரியிலும் இருக்க வேண்டும், சென்னை வெயிலுக்குக் கடைக்குள் ஏசி ஓடினாலும் 26, 27 டிகிரி இருக்கும். பாக்டீரியா பெருக அது தாராளம். அதைவிடக் கொடுமை, பில் போடும் இடத்தில் "இது வேண்டாம்" என்று ஒதுக்கிய தயிரும் சீஸும் ஒரு பிளாஸ்டிக் கூடையில் கிடக்கின்றன, கூட்டம் ஓய்ந்த பிறகு ஒரு தம்பி வந்து அதையெல்லாம் மறுபடி ஃப்ரிட்ஜில் அடுக்குகிறார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, மேலே இருக்கிறவர்கள் சொன்னதைச் செய்கிறார். மேலாளரிடம் கேட்டதற்கு "உடனே உள்ள வச்சிடறோம் மேடம்" என்றார். கூட்டம் இருக்கும் நாளில் அந்த உடனே எவ்வளவு நேரம் என்று நின்று பார்த்தால் தெரியும். அந்தக் கூடை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்ன ஃப்ரிட்ஜ் வைத்தாலே பிரச்சினை தீரும். ஃப்ரிட்ஜ் கதவில் வெப்பநிலை காட்டும் மீட்டரும் இல்லை.

ஐஸ்கிரீம் டப்பாவைத் திறந்ததும் மேலே ஊசி ஊசியாகப் பனிக்கட்டி படிந்திருந்தால் அது எங்கேயோ உருகி மறுபடி உறைந்தது என்று சந்தேகப்படுங்கள். இட்லி மாவு பாக்கெட்டை அமுக்கிப் பார்க்கும் பழக்கத்தையும் விட்டுவிடலாம், உப்பியிருந்தால் கண்ணுக்கே தெரியும், நாலு பேர் அமுக்கிய பாக்கெட் ஓரத்தில் கசிய ஆரம்பித்துவிடும். பின்வரிசையிலிருந்து தேதி பார்த்துப் பால் எடுப்பதைப் பலர் திட்டுகிறார்கள், எனக்கு அது தவறாகப் படவில்லை. எடுத்த பிறகு மற்றதை ஒழுங்காக அடுக்கிவிட்டு, கதவைச் சாத்திவிட்டுப் போனால் சரி.

கோழிக்கறிப் பகுதி பரவாயில்லை, வெட்டுகிறவர் தலைக்கு உறை, கைக்கு உறை போட்டிருக்கிறார், கத்தியை அடிக்கடி கழுவுகிறார். பொட்டலம்தான் ஒழுகுகிறது. அதன் நீர் வெள்ளரிக்காய் மேல் சொட்டினால் பொட்டுக்கடலையைவிட மோசம், பச்சைக் கறியில் வயிற்றுப்போக்கு கொடுக்கும் சால்மொனெல்லா பாக்டீரியா இருக்கக்கூடும், வெள்ளரிக்காயை யாரும் வேகவைப்பதில்லை. கேட்டால் இன்னொரு கவர் தருகிறார்கள், கேளுங்கள். துணிப்பையும் கறிக்குத் தனி, காய்க்குத் தனி. இங்கே 2019-இல் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்த பிறகு எல்லோர் கையிலும் மஞ்சப்பை திரும்பியது, ரொம்பச் சந்தோஷம், ஆனால் அதைத் துவைக்கிறவர்கள் எத்தனை பேர்? கெர்பா குழுவே பைகளையும் சோதித்தது, பெரும்பாலானவர்கள் துவைப்பதே இல்லை, துவைத்ததும் ஏறக்குறைய எல்லாக் கிருமியும் போய்விட்டது என்று கண்டார்கள்.

போவதாக இருந்தால் வார நாளில் காலை பத்து மணிக்குள் போங்கள், வெண்டைக்காய்க்கு நுனி இருக்கும், ஈரப் பஞ்சும் புதிதாக இருக்கும். மளிகையை முதலில் முடித்துவிட்டு, தயிர், பன்னீர், கறியைக் கடைசியில் எடுங்கள். காய்கறிக்கும் மளிகைக்கும் ஐந்துக்கு நாலு தருவேன், குளிர்பதனப் பகுதிக்கு இரண்டுதான். அந்தக் கூடையை எடுத்துவிட்டு ஃப்ரிட்ஜ் வைத்தார்கள் என்றால் வந்து மாற்றி எழுதுகிறேன்.