மார்பகப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு: அறுவைக்கு முன்பா, அறுவையின்போதா, பின்பா?

மார்பகத்தை முழுவதும் அகற்றாமல் கட்டியை மட்டும் எடுத்துவிட்டு, காயம் ஆறிய பின் கதிர்வீச்சு கொடுப்பதே நீண்டகால வழக்கம். இதன் பலம் நோய்க்கூறியல் அறிக்கையில் இருக்கிறது. கட்டியின் அளவு என்ன, வெட்டிய விளிம்பில் புற்றுச் செல்கள் எஞ்சியுள்ளனவா, அக்குள் நிணநீர்க் கணுக்களில் எத்தனை பாதிக்கப்பட்டுள்ளன என்பதெல்லாம் தெரிந்த பிறகே, எந்த இடத்துக்கு எவ்வளவு கதிர் என்று மருத்துவர் முடிவு செய்கிறார். ஏறத்தாழ 10,800 பெண்களின் தரவுகளைத் தொகுத்து 2011இல் வெளியான அலசலில், 10 ஆண்டுகளுக்குள் நோய் திரும்புவது இம்முறையால் 35 சதவீதத்திலிருந்து 19.3 சதவீதமாகக் குறைந்திருந்தது. கீமோதெரபியும் தேவைப்பட்டால் பெரும்பாலும் அது முடியும்வரை கதிர்வீச்சு காத்திருக்க வேண்டும் என்பது இதன் குறை.

அறுவை அரங்கிலேயே வேலையை முடித்துவிடும் முறை கேட்பதற்குக் கவர்ச்சியானது. மிலான் நகரில் 1,305 பெண்களிடம் நடந்த எலியட் ஆய்வில், ஒரு பாதிப் பெண்களுக்குக் கட்டி இருந்த இடத்தில் ஒரே தவணையாக 21 கிரே (கதிர்வீச்சின் அளவைக் குறிக்கும் அலகு) கொடுத்தார்கள். ஐந்தாண்டுகளில் அதே மார்பகத்தில் நோய் திரும்பியது அவர்களில் 4.4 சதவீதம், வழக்கமான முறையில் 0.4 சதவீதம். உயிர்வாழும் காலத்தில் வேறுபாடு தெரியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். லண்டனில் உருவான டார்கிட் முறையில் இந்த இடைவெளி சிறியது (2.11, 0.95 சதவீதம்), ஆனால் அங்கும் அறிக்கை பின்னால்தான் வரும் என்பதால், அபாயக் கூறுகள் தெரியவந்த சிலருக்கு முழு மார்பகக் கதிர்வீச்சும் சேர்க்கப்பட்டது. ஐந்து வாரம் தினமும் மருத்துவமனைக்கு அலைந்த காலத்தில் இந்த ஒற்றைத் தவணை பெரிய வரம். பிரிட்டனின் ஃபாஸ்ட்-ஃபார்வர்டு ஆய்வு, ஒரே வாரத்தில் ஐந்து தவணையாக 26 கிரே போதும் என்று 2020இல் காட்டிய பிறகு, அந்த வாதம் பாதி பலமிழந்துவிட்டது என்றே நான் கருதுகிறேன்.

அறுவைக்கு முன்பே கொடுப்பதற்கு உரிய இடம் வேறு. மார்பகத்தை அகற்றி, வயிற்றுத் திசுவைக் கொண்டு மறுசீரமைக்கும்போது, பின்னால் பாயும் கதிர் புதிய திசுவைச் சுருக்கி இறுக்கக்கூடும். முன்பே கொடுத்துவிட்டால் அது தப்பிக்கும். இதைச் சோதித்த பிராடா ஆய்வில் கதிர்வீச்சு முடிந்து 2 முதல் 6 வாரங்களில் அறுவை நடந்தது. 33 பெண்களில் நால்வருக்கு மட்டுமே நான்கு வாரம் கழித்தும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் புண் ஆறாமல் இருந்தது. எண்ணிக்கை சிறியது, ஒப்பிட எதிர்க்குழுவும் இல்லை. கணுக்களின் உண்மை நிலையை நுண்ணோக்கியில் முழுமையாகப் பார்க்கும் முன்பே கதிரின் எல்லையை வரைய வேண்டிய சங்கடமும் இதில் உண்டு.